கபடியைப் படம் எடுப்பவருக்கு யார் படியளப்பது?

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பட்டர்வொர்த்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: "வட மாநிலங்களில் நடக்கும் கபடிப் போட்டிகளை மூன்று ஆண்டுகளாகப் படம் எடுத்து யூடியூபில் போடுகிறேன். சந்தாதாரர்கள் 3,000 பேர் ஆகிவிட்டார்கள். ஆனால் ஒவ்வொரு போட்டிக்கும் கைக்காசுதான் கரைகிறது. இனி முழு ஆட்டங்களையும் பூட்டிவைத்து, மாதம் 10 வெள்ளி (ரிங்கிட்) கட்டுகிறவர்களுக்கு மட்டும் காட்டலாமா?" பூட்டலாமா வேண்டாமா என்று கேட்டிருந்தாலும் அதற்கு அடியில் வேறொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. இந்த ஆட்டம் நடக்கும் இடத்துக்கு ஒருவர் கேமராவோடு வந்து நிற்க வேண்டும் என்று உண்மையிலேயே விரும்புகிறவர்கள் யார்? அதற்கு அவர்கள் காசு கொடுப்பார்களா? அடுத்த ஆண்டும் கொடுப்பார்களா? அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். பூட்டைப் பற்றியும் சொல்கிறேன்.

நான் கோலாலம்பூரில், செந்தூலில் இருக்கிறேன். தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் 16 ஆண்டுகள் கேமராவும் எடிட்டிங்கும் பார்த்தேன். கடந்த ஆறு ஆண்டுகளாக சிலாங்கூர், கோலாலம்பூர் வட்டாரத்தில் கபடியும் சிலம்பமும் நடக்கும் இடங்களுக்குப் போய்ப் படம் எடுத்துப் போடுகிறேன். கட்டணம், வரி, சட்டம் பற்றி நான் சொல்வது எழுதிவைத்த விதிகள். அவற்றை உறுதியாகச் சொல்லலாம், ஆனால் விகிதங்கள் மாறிக்கொண்டே இருப்பதால் பதியும் நாளில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். ரசிகர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்பது மட்டும் ஒரே ஒரு சேனலின் அனுபவம். உங்கள் பக்கத்து மக்கள் வேறு மாதிரி இருக்கலாம்.

சரி, பூட்டை முதலில் முடித்துவிடுவோம். இரண்டாம் ஆண்டில் நானும் பூட்டினேன். சுருக்கக் காட்சிகள் எல்லாருக்கும், முழு ஆட்டம் உறுப்பினர்களுக்கு மட்டும். முதல் மாதம் 26 பேர் சேர்ந்தார்கள், நான்காம் மாதம் 11 பேர் மிஞ்சினார்கள். அதை மட்டும் என்றால் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஒரு ஞாயிறு இரவு காப்பார் பக்கத்திலிருந்து ஓர் அம்மா அழைத்தார். அவர் மகள் அன்று பெண்கள் அரையிறுதியில் ஆடியிருந்தாள். கடைசி நிமிடத்தில் எதிரணியிலிருந்து "கபடி கபடி" என்று பாடி வந்தவளைக் கணுக்காலில் பிடித்து நிறுத்தியது அவள்தான். அம்மாவுக்கு வேலை, மைதானத்துக்கு வர முடியவில்லை. "தம்பி, காசு கட்டுறேன். எப்படிக் கட்டுறதுன்னுதான் தெரியல. எங்கிட்ட கார்டு இல்லையே" என்றார். அப்போதே அந்த ஆட்டத்தைத் திறந்துவிட்டு இணைப்பை அனுப்பினேன். விடிவதற்குள் அது அவர்கள் குடும்பப் புலனக் (வாட்ஸ்அப்) குழு, பள்ளித் தோழிகள், பழைய தோட்டத்துக்காரர்கள் குழு என்று சுற்றிவிட்டது. அந்த வாரமே நான்கு பேர், நான் கேட்காமலே, என் எண்ணைத் தேடிப் பிடித்துப் பணம் அனுப்பினார்கள். ஒருவர் அந்தப் பெண்ணின் தாய்மாமா. பூட்டிவைத்த எந்த ஆட்டத்துக்கும் இப்படி ஒன்று நடந்ததில்லை.

அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. பிள்ளை ஆடியதை ஊர் பார்க்க வேண்டும் என்பதற்குத்தான் இவர்கள் காசு கொடுக்கிறார்கள். தாங்கள் மட்டும் பார்ப்பதற்கு இல்லை. அப்படியிருக்க ஊரை வெளியே நிறுத்திவிட்டு அதற்குக் கட்டணம் கேட்டால், அவர்கள் வாங்க விரும்பும் பொருளை நாமே உடைத்துவிட்டு விலை கேட்பதாக ஆகிவிடுகிறது. இன்னொன்றும் உண்டு. நம் ஆட்டத்துக்கு விளம்பரம் செய்ய யாரும் இல்லை. திறந்து கிடக்கும் ஒவ்வொரு காணொளியும்தான் அடுத்த ஆதரவாளரைக் கூட்டிவரும் ஆள். ஆகவே என் பதில்: முழு ஆட்டங்களைப் பூட்டாதீர்கள்.

அப்படியானால் காசு எங்கிருந்து வரும்? என் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தால் கொடுத்தவர்கள் பெரும்பாலும் நான்கு வகையினர். ஆடுகிறவர்களின் பெற்றோர், அண்ணன், மாமா. ஒரு காலத்தில் ஆடி இப்போது ஐம்பதைத் தாண்டியவர்கள். கிளப்பை நடத்துகிறவர்கள். அப்புறம் சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டு ஊர் ஆட்டத்தைக் கைப்பேசியில் பார்க்கிறவர்கள். முன்பின் தெரியாத பார்வையாளர் ஒருவர் பணம் அனுப்பியது மிகக் குறைவு. அதனால் 3,000 என்ற எண்ணை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். உங்கள் போட்டிகளுக்கு எத்தனை அணிகள் வருகின்றன என்று எண்ணுங்கள். ஓர் அணியில் களத்தில் ஏழு பேர், மாற்று ஆட்டக்காரர் ஐந்து பேர், ஆக 12. பதினாறு அணிகள் வந்தால் 192 வீடுகள். உங்கள் சேனலுக்குச் சோறு போடப்போவது அந்த 192 வீடுகளும் அவர்களுக்கு வேண்டியவர்களும்தான்.

இதற்கு வழி நம் பழக்கத்திலேயே இருக்கிறது. கோயில் திருவிழாவை யாரும் நுழைவுச் சீட்டு விற்று நடத்துவதில்லை, உபயம்தான். முதல் நாள் ஒரு குடும்பம், இரண்டாம் நாள் லாரி ஓட்டுநர்கள் சேர்ந்து, மூன்றாம் நாள் இன்னொரு குடும்பம். உபயக்காரர் பெயர் திருவிழா அறிக்கையில் வரும், அர்ச்சனையில் சொல்வார்கள், அன்றைக்கு ஊரே வந்து சாமி கும்பிட்டு அன்னதானம் சாப்பிட்டுப் போகும். காசு கொடுக்காதவரை வாசலில் நிறுத்துவதில்லை. ஊர் வந்தால்தான் உபயக்காரருக்கும் பெருமை. இதை அப்படியே படப்பிடிப்புக்குக் கொண்டுவந்தேன். ஒரு போட்டியில் எந்தெந்த ஆட்டத்தைப் படம் எடுப்பேன் என்று பட்டியல் போட்டு, காலிறுதி ஒன்றுக்கு 80 வெள்ளி, அரையிறுதிக்கு 150, இறுதிக்கு 300 என்று எழுதி, எடுத்துக்கொள்கிறவர் பெயரை அந்தக் காணொளியின் தொடக்கத்தில் எழுத்திலும் குரலிலும் சொன்னேன். ஐந்து வினாடிதான். சாமி காரியத்துக்கு உரிய சொல்லை விளையாட்டுக்கு வைக்கலாமா என்று ஒரு பெரியவர் வருத்தப்பட்டார், அதனால் "ஆட்ட ஆதரவு" என்று மாற்றிக்கொண்டேன். மக்கள் இன்னமும் உபயம் என்றுதான் சொல்கிறார்கள்.

ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். போட்டி நடந்த மண்டபத்தில் ஒரு பழைய உறையோடு என்னிடம் வந்தார். உள்ளே கறுப்பு வெள்ளைப் படம். ரப்பர் மரங்களுக்கு முன்னால், அரைக்கால் சட்டையில் ஒரு சடுகுடு அணி, இரண்டு வரிசை, முன்வரிசை மண்ணில் உட்கார்ந்திருக்கிறது. ஓரத்தில் பூஞ்சை பிடித்து ஒருவர் முகம் பாதி போய்விட்டது. பின்வரிசையில் கைகட்டி நிற்கும் ஒல்லியான ஆள்தான் தன் அப்பா என்று விரல் வைத்துக் காட்டினார். அந்தத் தோட்டம் இப்போது இல்லை, வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. "இறுதி ஆட்டத்தை நான் எடுத்துக்கிறேன். என் பெயர் வேணாம், இந்தப் படத்தைக் காட்டுங்க" என்றார். காட்டினேன். கருத்துப் பகுதியில் அந்த அணியில் இருந்த இன்னும் இரண்டு பேரை அவர்கள் பேரப்பிள்ளைகள் அடையாளம் சொன்னார்கள். அவர் ஆண்டுதோறும் இறுதி ஆட்டத்தை எடுத்துக்கொள்கிறார். மாதம் 10 வெள்ளி சந்தா என்று கேட்டிருந்தால் அவர் என்னிடம் வந்திருக்கவே மாட்டார்.

இப்போது கணக்கு. முதலில் ஒரு போட்டிக்கு உண்மையில் எவ்வளவு ஆகிறது என்று எழுதுங்கள். கோலாலம்பூரிலிருந்து உங்கள் பக்கம் வந்து ஒரு நாள் போட்டியை எடுக்க நான் போடும் கணக்கு இது. சுங்கமும் பெட்ரோலும் போக வர சுமார் 200 வெள்ளி, இரண்டாவது கேமரா பார்ப்பவருக்கு 200, தங்க 120, சாப்பாடு 60, கருவிகளின் தேய்மானமும் ஹார்ட் டிஸ்க்கும் 100, இரண்டு நாள் எடிட்டிங்குக்கு எனக்கு 300. கூட்டினால் 980, ஆயிரம் என்று வைத்துக்கொள்ளலாம். உள்ளூர் என்றால் பயணமும் தங்குவதும் குறையும். அந்த 300ஐ பலர் எழுதுவதில்லை. நானும் இரண்டு ஆண்டுகள் எழுதவில்லை. எழுதாத செலவை யாரும் கொடுக்கப்போவதில்லை. நாளைக்கு உங்களால் முடியாமல் இன்னொருவரை அனுப்ப வேண்டி வந்தால், அவருக்குக் கொடுக்கப் பணம் இருக்காது. வீட்டில் குழந்தை பிறந்ததும், வேலை இடம் மாறியதும் நின்றுபோன சேனல்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒருவருடைய இலவச உழைப்பை நம்பி நிற்பது அவர் களைத்த அன்றைக்கே நின்றுவிடும்.

ஆண்டுக்கு 12 போட்டி என்றால் 12,000 வெள்ளி. மாதம் 10 வெள்ளி கட்டும் 100 பேர் இருந்தால் சரியாக வந்துவிடும் என்று தோன்றும். ஆனால் யூடியூப் உறுப்பினர் கட்டணத்தில் 30 விழுக்காட்டை யூடியூப் எடுத்துக்கொள்கிறது. 10 வெள்ளி உங்கள் கையில் 7 வெள்ளி. அப்போது 143 பேர் வேண்டும், ஒருவரும் நடுவில் நிற்கக்கூடாது. உங்கள் 3,000 பேரில் அது ஏறக்குறைய நூற்றுக்கு ஐந்து பேர். என் சேனலில் அந்த விகிதத்தை நான் ஒருநாளும் எட்டியதில்லை. இந்த உறுப்பினர் வசதியையும் நேரலையில் பணம் அனுப்பும் வசதியையும் பெற 500 சந்தாதாரரும், 90 நாளில் மூன்று காணொளியும், 12 மாதத்தில் 3,000 மணி நேரப் பார்வையும் இருந்தால் போதும். விளம்பர வருமானத்துக்கு 1,000 சந்தாதாரரும் 4,000 மணி நேரமும் வேண்டும். ஆண்கள் பிரிவில் இருபது நிமிடம் வீதம் இரண்டு பாதி, இடைவேளையோடு ஓர் ஆட்டம் முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது என்பதால் மணிக்கணக்கு உங்களுக்குச் சீக்கிரம் சேரும். தகுதி கிடைத்தால் திறந்து வையுங்கள், தவறில்லை. விளம்பரப் பணத்தை மட்டும் வரவுப் பக்கம் பெரிதாக எழுதிவிடாதீர்கள். எனக்கு ஓர் ஆண்டு முழுவதும் வந்த விளம்பரப் பணம் ஒரே ஒரு போட்டியின் செலவைக்கூட எட்டவில்லை.

ஆதரவாளர்கள் மாதந்தோறும் பணம் கட்டும் பேட்ரியான் தளத்தில் 2025 ஆகஸ்டுக்குப் பிறகு புதிதாகத் தொடங்குபவர்களிடம் 10 விழுக்காடும், அதற்கு மேல் பணம் பெறும் கட்டணமும் எடுக்கிறார்கள். யூடியூபைவிடக் குறைவுதான். ஆனால் காப்பார் அம்மாவின் கார்டு பிரச்சினை அங்கேயும் அப்படியே இருக்கிறது. நம் மக்களுக்கு ஏற்றது டூயிட்நவ், கைப்பேசியிலேயே வங்கிக்கு வங்கி உடனே பணம் அனுப்பும் வசதி. பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) அப்பம் வாங்கினாலும் அதன் கியூஆர் கட்டத்தை ஸ்கேன் செய்து பழகிவிட்டார்கள். 5,000 வெள்ளி வரையிலான பரிமாற்றத்துக்கு அனுப்புகிறவரிடம் கட்டணம் வாங்குவதில்லை, கொடுத்தது அப்படியே உங்களுக்கு வருகிறது. 2023 நவம்பரிலிருந்து சிங்கப்பூரில் அதேபோல் இருக்கும் பேநவ்வும் டூயிட்நவ்வும் இணைக்கப்பட்டிருப்பதால் அங்கே இருப்பவர்களும் கைப்பேசி எண்ணுக்கே அனுப்பிவிடலாம். ஒன்றே ஒன்று, இதற்கென்று தனி வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுச் செலவோடு கலந்துவிட்டால் உங்களுக்கே கணக்குப் புரியாது, கேட்கிறவருக்கும் காட்ட முடியாது.

எப்போது கேட்பது என்பது எப்படிக் கேட்பது என்பதைவிட முக்கியம். போட்டி முடிந்து காணொளி வந்த பிறகு "ஆதரவு தாருங்கள்" என்றால் பார்த்தாகிவிட்டதே என்று போய்விடுவார்கள். போட்டிக்கு இரண்டு மூன்று வாரத்துக்கு முன் கேளுங்கள். "இந்தப் போட்டியை எடுக்க 1,000 வெள்ளி ஆகும். இதுவரை 420 சேர்ந்திருக்கிறது. 700 வந்தால் ஒரே கேமராவில் எடுப்பேன், 1,000 வந்தால் இரண்டு கேமரா, வராவிட்டால் இந்த முறை வரமாட்டேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். ஒருமுறை 310 வெள்ளிதான் சேர்ந்தது. எல்லாருக்கும் திருப்பி அனுப்பிவிட்டு வீட்டில் இருந்தேன். அந்தப் போட்டியில் கடைசிப் பாட்டில் (எதிரணிப் பக்கம் பாடிப் போவதைத்தான் பாட்டு என்கிறோம்) ஒரு புள்ளியில் முடிவு மாறியதாம், யாரிடமும் சரியான காட்சி இல்லை. எனக்கு அது வலித்தது, இன்றும் வலிக்கிறது. ஆனால் அடுத்த போட்டிக்கு நான்கு நாளில் பணம் சேர்ந்துவிட்டது. இதைத் தந்திரமாகச் செய்யக்கூடாது. உண்மையிலேயே போக முடியாத நிலை இருந்தால் மட்டுமே சொல்ல வேண்டும்.

போட்டி முடிந்ததும் வரவு செலவை ஒரு பக்கமாக எழுதிப் போட்டுவிடுங்கள். பெட்ரோல் இவ்வளவு, சாப்பாடு இவ்வளவு, மிச்சம் 35 வெள்ளி அடுத்த போட்டிக்கு. நம் ஆட்கள் கொடுக்கத் தயங்குவதில்லை, கொடுத்தது எங்கே போனது என்று தெரியாவிட்டால்தான் அடுத்த முறை கை இழுக்கும். எத்தனை சங்கங்கள் கணக்கு வாசிக்காமலே இரண்டாகப் பிளந்திருக்கின்றன என்பது இங்கே யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வெளியே வேறு ஆட்டங்கள் என்ன செய்தன என்றும் பார்க்கலாம். டிஸ்க் கோல்ஃப் என்று ஓர் ஆட்டம், தட்டை எறிந்து சங்கிலிக் கூடையில் விழவைப்பது. அமெரிக்காவில் ஜோமெஸ்புரோ என்ற குழு முன்னணி ஆட்டங்களை எடுத்து, எடிட் செய்து, வர்ணனையோடு மறுநாளே யூடியூபில் இலவசமாகப் போட்டு வளர்ந்தது. பேட்ரியான் ஆதரவாளர்களும் விளம்பரதாரர்களும் அதைத் தாங்கினார்கள். பிறகு 2020இல் அந்த ஆட்டத்தின் தொழில்முறைத் தொடரே கட்டண நேரலை ஒன்றைத் தொடங்கியது. நேரலைக்குக் காசு, மறுநாள் தொகுப்பு இலவசம் என்று இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஓடின. 2021 உலகப் போட்டியில் ஜேம்ஸ் கான்ராட் கடைசிக் கூடையில் தொலைவிலிருந்து எறிந்தது நேராக விழுந்து, சமநிலையாகி, அவர் பட்டத்தையும் வென்றார். அந்தச் சில வினாடிக் காட்சி பூட்டில்லாமல் பரவியதால்தான் ஆட்டத்தின் பெயரே கேள்விப்படாதவர்களிடமும் போய்ச் சேர்ந்தது. இன்னொரு பக்கம் ஸ்குவாஷ். எட்டு முறை உலகப் பட்டம் வென்று, 108 மாதம் தொடர்ந்து முதலிடத்தில் இருந்த பினாங்குப் பெண் நிக்கோல் டேவிட்டின் ஊரில் இருப்பவருக்கு அந்த ஆட்டத்தை நான் விளக்க வேண்டியதில்லை. தொழில்முறை ஸ்குவாஷ் சங்கம் ஸ்குவாஷ் டிவி என்று சந்தா கட்டிப் பார்க்கும் சேவையை நடத்துகிறது. அங்கே அது நடப்பதற்குக் காரணம், ஆண்டு முழுவதும் ஏதோ ஒரு நாட்டில் போட்டி இருக்கிறது, பார்ப்பவர்கள் உலகம் முழுவதும் பரவியிருக்கிறார்கள். நமக்கு ஆண்டில் பன்னிரண்டு நாள்தான் ஆட்டம். மீதி நாளெல்லாம் சந்தா எதற்கு என்று கேட்டால் பதில் இல்லை. அதனால்தான் மாதக் கணக்கைவிடப் போட்டிக் கணக்கு நமக்குப் பொருந்தும் என்கிறேன். உங்கள் வட்டாரத்தில் வாராவாரம் லீக் ஆட்டம் வந்துவிட்டால் இந்தக் கணக்கு மாறலாம், அப்போது மாதச் சந்தாவை மறுபடியும் யோசியுங்கள்.

பணம் போகும் ஓட்டை ஒன்றையும் அடைக்க வேண்டும். நம் போட்டிகளில் ஒலிபெருக்கி சும்மா இருக்காது. ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் இடையில் சினிமாப் பாட்டு ஓடும். மூன்று மணி நேர நேரலையில் ஒரு நிமிடம் அந்தப் பாட்டு பதிந்தாலும் போதும், யூடியூபின் தானியங்கி முறை அதைக் கண்டுபிடித்து, அந்தக் காணொளியின் விளம்பரப் பணத்தைப் பாட்டின் உரிமையாளருக்குத் திருப்பிவிடலாம். நேரலையாக இருந்தால் நடுவிலேயே நிறுத்திவிடவும் கூடும். ஒலி அமைப்பாளரிடம் காலையிலேயே போய், ஆட்டம் நடக்கும்போது பாட்டு வேண்டாம், இடைவேளையில் போடுங்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டால் செய்வார்கள். மைக்கை ஒலிபெருக்கிக்கு முதுகு காட்டி, ஆட்ட விரிப்புக்குப் பக்கத்தில் வையுங்கள். "கபடி கபடி" என்ற மூச்சும் விரிப்பில் கால் தேயும் சத்தமும் கேட்டால் பார்ப்பவர் எழுந்து போகமாட்டார்.

ஏற்பாட்டாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், ஒரு பக்கக் கடிதம் போதும். நீங்கள் எடுத்த படத்தின் உரிமை உங்களுடையது என்றாலும், மண்டபத்துக்குள் விடுவது அவர்கள் கையில் இருக்கிறது. நாளைக்கு வேறொருவரிடம் தனி உரிமை கொடுத்துவிட்டோம் என்றால் நீங்கள் வாசலில் நிற்க வேண்டியதுதான். பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் ஆடும் பிரிவில் பெற்றோர் சம்மதத்தை அணி நிர்வாகி வழியாக வாங்கிவையுங்கள்.

பதிவும் வரியும் சுருக்கமாக. தொடர்ந்து பணம் வாங்கிச் செய்தால் அது தொழில். தொடங்கிய 30 நாளுக்குள் எஸ்எஸ்எம்மில் (மலேசிய நிறுவன ஆணையம்) பதிய வேண்டும், சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி, வணிகப் பெயரில் 60. வருமானத்தை வருமான வரி வாரியத்துக்குக் காட்ட வேண்டும். "நன்கொடை, வரிக்கழிவு உண்டு" என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள், அது அதற்கென்று அங்கீகாரம் பெற்ற அமைப்புகளுக்கு மட்டும். மைதானத்தைச் சுற்றி உண்டியல் ஏந்துவதும் வேண்டாம், பொது இடத்தில் வசூலிக்க 1947ஆம் ஆண்டிலிருந்தே உரிமச் சட்டம் இருக்கிறது. யூடியூபில் கேட்கும் அமெரிக்க வரிப் படிவத்தை நிரப்புங்கள். நிரப்பினால் அமெரிக்கப் பார்வையாளர்களால் வரும் பகுதியில் மட்டும் 30 விழுக்காடு பிடிப்பார்கள், அதைக் குறைக்கும் உடன்படிக்கை மலேசியாவுக்கு இல்லை. நிரப்பாவிட்டால் உலகம் முழுவதிலிருந்தும் வரும் மொத்தத்தில் 24 விழுக்காடு வரை போய்விடும். தொகை பெரிதானால் ஒரு கணக்காளரிடம் போய்விடுங்கள். நான் கேமராக்காரன், இதற்கு மேல் என் சொல்லை நம்பி எதுவும் செய்யாதீர்கள்.

ரசிகர் பணம் மட்டும் போதுமா என்றால், என் அனுபவத்தில் செலவை அடைக்கும், குடும்பத்தை ஓட்டாது. நான் இன்னும் கல்யாண வீடியோ எடுத்துத்தான் வீட்டை நடத்துகிறேன். இதையே முழு நேர வேலையாக்கலாம் என்று யாராவது சொன்னால், நம் நாட்டில் கபடிக்கு இருக்கும் ஆள்கணக்கில் எனக்கு நம்பிக்கை இல்லை. இது என் கணிப்பு, நீங்கள் பொய்யாக்கினால் மகிழ்ச்சிதான். கூட வரும் சில்லறை வழிகள் உண்டு. ஓர் ஆட்டக்காரரின் பாட்டுகளையும் பிடிகளையும் மட்டும் தொகுத்து 50 வெள்ளிக்குக் கொடுக்கலாம். அணித் தேர்வுக்குப் போகும் பிள்ளைகள் கேட்டு வாங்குகிறார்கள். பக்கத்து உணவகம், டயர் கடை என்று உள்ளூர்க் கடைகள் ஆண்டுக்கு ஒரு தொகை தருவார்கள். கிளப்பிடம் வாங்கும்போது மட்டும் கவனம். எல்லாக் கிளப்பிடமும் ஒரே தொகை வாங்குங்கள், ஒன்றிடம் மட்டும் பெரிய தொகை வாங்கினால் உங்கள் கேமரா அந்த அணியின் கேமரா என்று பேச்சு வரும். அதேபோல் கோட்டைத் தொட்டாரா இல்லையா என்ற தகராறில் "உன் படத்தைக் காட்டு" என்று வந்து நிற்பார்கள். போட்டிக்கு முன்பே நடுவர் குழுவிடம் பேசி, அவர்கள் கேட்டால் மட்டுமே காட்டுவேன் என்று எல்லா அணிக்கும் அறிவித்துவிடுங்கள். ஒருமுறை நான் நல்லெண்ணத்தில் காட்டப்போய், தோற்ற அணியின் வீடுகளிலிருந்து ஓர் ஆண்டு முழுவதும் ஒரு வெள்ளிகூட வரவில்லை.

உங்கள் சேனலில் கடைசியாகப் போட்ட அரையிறுதியை இன்று மாலை முழுவதும் பார்த்தேன். வர்ணனை செய்யும் பையனுக்கு நல்ல குரல், ஆட்டக்காரர்களின் பெயரைத் தடுமாறாமல் சொல்கிறார், அவரை விட்டுவிடாதீர்கள். கேமராதான் தாழ்வாக இருக்கிறது. இடுப்பு உயரத்திலிருந்து எடுத்ததால் எதிரணி வரிசை, கூடுதல் புள்ளிக்கான போனஸ் கோட்டை மறைத்துவிட்டது, இரண்டாம் பாதியில் பாடி வந்தவரின் கால் கோட்டைத் தாண்டியதா என்று எங்கேயும் தெரியவில்லை. நடுக்கோட்டுக்கு நேராக, ஆளுயரத்துக்கு மேல் ஏற்ற வேண்டும். மண்டபத்தில் மாடம் இல்லாவிட்டால் ஏற்பாட்டாளரிடம் ஒரு சாரம் கேளுங்கள், மைதானம் என்றால் லாரி ஒன்றைக் குறுக்கே நிறுத்தச் சொல்லி அதன் மேல் ஏறுங்கள். அடுத்த போட்டிக்கு ஆதரவு கேட்கும் பட்டியலில் முதல் வரியாக அந்தச் சாரத்தின் வாடகையை எழுதுங்கள். என் பங்காக ஒரு காலிறுதியை நான் எடுத்துக்கொள்கிறேன்.